வட்டிக் கதவை மூடினால் போதுமா?

அன்ஸாரித் தோழர் ஒருவர் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து உதவி வேண்டி நின்றார். வீட்டில் என்ன இருக்கிறது என்று நபிகளார் வினவினார்கள். பாதியை விரித்துப் பாதியைப் போர்த்திக்கொள்ளும் துணி ஒன்று, தண்ணீர் அருந்தும் கிண்ணம் ஒன்று; அவ்வளவுதான். அவற்றைக் கொண்டுவரச் செய்து, தம் திருக்கரங்களில் ஏந்தி ஏலம் கூறி, 2 திர்ஹங்களுக்கு விற்றார்கள். ஒரு திர்ஹத்திற்கு வீட்டாருக்கு உணவு, மற்றொன்றிற்குக் கோடரி. அதற்குக் காம்பைத் தாமே பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்கும்படியும், 15 நாட்கள் தம் கண்ணில் படவேண்டாம் என்றும் பணித்தார்கள். மீண்டு வந்தபோது அத்தோழரின் கையில் 10 திர்ஹங்கள் இருந்தன.

அபூதாவூத் நூலில் இடம்பெற்றுள்ள இந்நிகழ்ச்சியை மேடைதோறும் கூறுகிறோம். உழைப்பின் சிறப்புக்குச் சான்றாகக் காட்டுகிறோம். ஆனால், கோடரி வாங்க முதல் இல்லாதவனுக்கு அம்முதலைத் தருபவர் யார் என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

விடை சொல்ல இயலாத கேள்வி

அண்மையில் ஒரு ஜும்ஆவிற்குப் பின், கைம்பெண்ணான ஒரு சகோதரி தம் மகனுடன் வந்து மார்க்கத் தீர்ப்புக் கேட்டார். காலையில் இடியாப்பம் விற்றுப் பிழைப்பவர். குழுக் கடன் வாங்கியிருந்தார். வாரத் தவணை கட்ட முடியாதபோது, கைப்பேசிச் செயலி ஒன்றில் இன்னொரு கடன் வாங்கினார். அதில் தவணை தவறியதும், அவருடைய கைப்பேசியில் இருந்த உறவினர் எண்களுக்கெல்லாம் இழிசொற்கள் பறந்தன.

அந்த வட்டி ஹராம் என்று சொல்ல எனக்கு ஒரு நொடியும் தேவைப்படவில்லை. “அப்படியானால் நான் யாரிடம் போய்க் கேட்பது, ஹஜ்ரத்?” என்று அவர் திருப்பிக் கேட்டபோது, என்னிடம் விடை இல்லை.

சிறுகடன் கண்ட ஏற்றமும் இறக்கமும்

ஏழைக்குக் கடன் கொடுத்தால் திரும்பாது என்னும் எண்ணத்தை உடைத்த பெருமை வங்காள தேசத்தைச் சேரும். 1976-ஆம் ஆண்டு, சிட்டகாங் பல்கலைக்கழகத்தை அடுத்த ஜோப்ரா கிராமத்தில் பொருளியல் பேராசிரியர் முஹம்மது யூனுஸ், 42 பேருக்குத் தம் பையிலிருந்து 856 டாக்கா கொடுத்தார். அந்நாளில் அது 27 டாலர்தான். மூங்கில் முக்காலி முடையும் பெண்கள் மூங்கில் வாங்கக் காசின்றி வணிகரிடம் கடன்பட்டு, அவர் கேட்ட விலைக்கே பொருளைக் கொடுத்து வந்தனர். அத்தளையை அச்சிறுதொகை அறுத்தது. அம்முயற்சியே 1983-இல் கிராமீன் வங்கியாக உருவெடுத்தது; 2006-இல் யூனுஸும் வங்கியும் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஆயினும், அந்த வங்கியின் கடனுக்கும் வட்டி உண்டு. அதே வழியில் இலாபம் தேடிய நிறுவனங்கள் பல கிளைத்தன. ஆந்திரத்தில் ஒரே குடும்பத்திற்குப் பலர் கடன் கொடுத்தனர். வீட்டு வாசலில் நின்று வசூலித்தனர். தற்கொலைச் செய்திகள் எழவே, 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. பின்னர் இந்தியா, மொராக்கோ, எத்தியோப்பியா உள்ளிட்ட 6 நாடுகளில் நடந்த ஆய்வுகள் 2015-இல் ஒருசேர வெளிவந்தன. சிறுகடன் சிலருக்குத் தொழிலை விரிக்க உதவுகிறது. ஆனால் ஏழையின் வாழ்வையே மாற்றிவிடவில்லை என்பதே அவற்றின் முடிவு.

லாகூரில் திறந்த கதவு

2001-ஆம் ஆண்டு லாகூரில் டாக்டர் முஹம்மது அம்ஜத் ஸாகிப் என்பார் ‘அகூவத்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். அகூவத் என்றால் சகோதரத்துவம். மக்காவைத் துறந்து வந்த முஹாஜிர்களுக்கும் மதீனாவின் அன்ஸார்களுக்கும் நபிகளார் ஏற்படுத்திய சகோதர உறவே அதன் முன்மாதிரி. முதற்கடன் ஒரு விதவைக்கு 10,000 ரூபாய், வட்டி இல்லை. அவர் உழைத்துத் திருப்பிச் செலுத்தினார்.

கடன் வழங்கும் இடம் பள்ளிவாசல். சில ஊர்களில் கிறித்தவ ஆலயம். கட்டட வாடகை மிச்சம். இறையில்லத்தில் வாங்கிய கடனை ஏமாற்றவும் மனம் துணிவதில்லை. நூற்றுக்கு 99-க்கும் மேல் திரும்பி வருகிறது. வாங்கியவர் பலர் பிற்காலத்தில் கொடுப்பவராக மாறினர். 2021-இல் டாக்டர் ஸாகிபுக்கு மகசேசே விருது கிடைத்தது.

குறையும் உண்டு. வட்டி வருவாய் இல்லாத நிதி, ஈகையாளரும் அரசும் கொடுக்கும் வரையில்தான் வளரும். கொடுக்கும் கை ஓய்ந்தால் நிதியும் ஓயும்.

கைப்பேசி செய்த நன்மையும் தீமையும்

கென்யாவில் 2007-இல் ‘எம்-பெசா’ என்னும் கைப்பேசிப் பணச்சேவை வந்தது. வங்கியை எட்டிப் பாராதவரும் பெட்டிக்கடை முகவரிடம் காசைக் கட்டி, கைப்பேசி வழியே அனுப்பலாம். இதனால் 194,000 குடும்பங்கள் கடும் வறுமையிலிருந்து மீண்டன என்று டவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் ஆகியோரின் 2016-ஆம் ஆண்டு ஆய்வு மதிப்பிட்டது.

இதற்குக் காரணம் கடன் அன்று என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். நோயோ வேலையிழப்போ நேர்ந்தபோது, இச்சேவை இல்லாத குடும்பங்களின் நுகர்வு ஏறத்தாழ 7 விழுக்காடு குறைந்தது. இச்சேவை இருந்த குடும்பங்களுக்குக் குறையவில்லை. தொலைவில் இருந்த உற்றார் உடனே பணம் அனுப்பினர் என்பதே காரணம். உதவும் மனம் முன்பும் இருந்தது. அது போய்ச் சேர வழி பிறந்தது.

அதே நாட்டில், அதே கைப்பேசியில், 2012-இல் கடனும் வந்தது. 30 நாள் கடனுக்கு 7.5 விழுக்காடு கட்டணம். ஓராண்டுக்குக் கணக்கிட்டால் 90 விழுக்காடு! கருவி ஒன்றே, கொடுப்பவர் நோக்கமே அதனை அருளாகவோ இடராகவோ ஆக்குகிறது.

திருமறை காட்டும் வரிசை

அல்பகரா அத்தியாயத்தின் அமைப்பைச் சற்றுச் சிந்தியுங்கள். 261-ஆம் வசனம் தொட்டு ஈகை பேசப்படுகிறது. அதன் பின்னரே, 275-இல் வட்டி விலக்கப்படுகிறது. 280-இல், கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் அவகாசம் தரவும், தள்ளுபடி செய்தால் மேலும் நன்றென்றும் கூறப்படுகிறது. 282-இல் கடனை எழுதி வைக்குமாறு கட்டளை. திருக்குர்ஆனிலேயே நீளமான வசனம் அதுதான்.

முதலில் ஈகை, பின்பு தடை, அடுத்து இரக்கம், இறுதியில் கணக்கு. நாமோ நடுவிலுள்ள தடையை மட்டும் மிம்பரில் முழங்கிவிட்டு இறங்கிவிடுகிறோம்.

ஒவ்வொரு ஜமாஅத்திலும் ‘கர்ளன் ஹஸனா’ என்னும் அழகிய கடனுக்கு ஒரு நிதி வேண்டும். உழைக்கும் வலிமை உள்ளவருக்குக் கடன். ஒன்றுமே இல்லாதவருக்குக் கடன் அன்று, ஜகாத். கடனில் மூழ்கியோரும் ஜகாத் பெறும் 8 பிரிவினருள் அடங்குவர் என்பதை மறவாதீர். கணக்கு எழுதவும், பிறர் அறியாமல் பணம் சேர்க்கவும் கைப்பேசி உதவட்டும். தவணை தவறியவரிடம் காரணம் கேட்க மட்டும் ஒரு மனிதர் நேரில் செல்லட்டும். இரங்குவதற்கு இயந்திரம் அறியாது.

செயலிகளின் வலையில் சிக்கியோர் ஒன்றை அறிய வேண்டும். கடன் செயலிகள் கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களை எடுக்கக்கூடாது என 2022-இல் ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. மிரட்டப்பட்டால் காவல் துறையில் முறையிடத் தயங்க வேண்டாம்.

வட்டிக் கதவை மார்க்கம் மூடியது, ஏழையை வெளியே நிறுத்துவதற்கன்று. அருகிலுள்ள இன்னொரு கதவைத் திறக்கும் பொறுப்பு வசதி படைத்தோரிடமும், ஆலிம்களாகிய எங்களிடமும் உள்ளது. அச்சகோதரி மீண்டும் வந்து கேட்கும்முன், அக்கதவைத் திறந்து வைக்க வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.