விண்மீன் கலமும் நடுவர் தீர்ப்பும்

ஒளியானது ஒரு நொடியில் ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். அதனினும் விரைந்து யாதொரு பொருளும் செல்லவியலாது என்பது 1905-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் வகுத்த சார்புக் கொள்கையினின்று பெறப்படும் முடிபு. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அணித்தாயுள்ள பிராக்சிமா செண்டாரி என்னும் விண்மீனினின்றும் ஒளி நம்மை வந்தடைய 4 ஆண்டுகளுக்கு மேலாகும். ஆதலின், விண்மீன்களுக்கிடையே கலஞ் செலுத்துங் கதை புனைவோர் இவ்வெல்லையைக் கடக்க ஏதேனும் ஒரு வழியைக் கற்பிக்கின்றனர். கதையில் அது ஆசிரியன் விரும்பியவாறு நடக்கும். பலர் கூடி ஆடும் ஆட்டத்திலோ அதற்கு விதி வேண்டும். விதி சொல்லாதவிடத்து நடுவர் தீர்ப்பு வேண்டும்.

இவ்வகை ஆட்டத்தில் ஒருவர் நடுவராய் அமர்ந்து உலகையும் நிகழ்ச்சிகளையும் விவரிப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமேற்றுத் தாம் செய்வதைச் சொல்வர். ஐயப்பாடான செயல்களின் பயனைப் பகடை தீர்க்கும். 1977-இல் வெளிவந்த, மார்க் மில்லர் இயற்றிய 'டிராவலர்' இவற்றுட் புகழ் வாய்ந்தது. அதிற் கலமானது பொறியின் ஆற்றலுக்கேற்ப, ஒரு 'தாவலில்' 1 முதல் 6 பார்செக் வரை கடக்கும். ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு. தொலைவு எதுவாயினும் தாவலுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். கோளின் விட்டத்தைப்போல் 100 மடங்கு விலகிய பின்னரே தாவுதல் நன்று. நம் புவிக்கு அது ஏறக்குறைய 12.7 லட்சம் கிலோமீட்டர். அஃதாவது, திங்களின் தொலைவில் மும்மடங்கிற்கும் மேல். அதற்குள் தாவினால் கலம் வழிதவறும் இடருண்டு. கலத்தினும் விரைந்து விண்மீன்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்லுங் கருவி அவ்வுலகில் இல்லை. அஞ்சலும் கலத்திலேயே செல்லும்.

சென்ற விடுமுறையில், தருமபுரியில் ஒரு நண்பரில்லத்தில் யாமே நடுவராயிருந்தோம். ஆடுவோர் ஓர் உலகிற் சரக்கைக் கவர்ந்து, அன்றே அடுத்த உலகிற்குத் தாவினர். கதை சுவைபடுமென்றெண்ணி, அவர்கள் இறங்கும்போதே காவலர் காத்து நின்றதாக உரைத்தோம். உடனே நண்பரின் தம்பி, "அண்ணா, அந்தச் செய்தியைக் கொண்டுவந்த கப்பல் எது?" என்று வினவினான். அன்று அத்துறையில் வேறு கலமில்லையென யாமே முன்னர்க் கூறியிருந்தோம்! விடையின்றித் தீர்ப்பை மீட்டுக்கொண்டோம்.

பண்டு தகடூரெனப் பெயர் பெற்றிருந்தது அவ்வூரே. அதியமானின் தூதாக ஔவையார் தொண்டைமானிடஞ் சென்றதைப் புறநானூற்றால் அறிகின்றோம். அந்நாளிற் செய்தியின் விரைவு தூதர் நடையின் விரைவே. ஔவையார் சென்று சேருமுன் அவர் சொல் அவ்வரசனைச் சேர்ந்திராது. டிராவலர் காட்டும் விண்ணுலகும் அத்தகையதே. இதனைத் தமிழ் பயிலும் யாம் மறந்ததும், ஒரு பள்ளி மாணவன் நினைவூட்டியதும் எமக்கு நாணந் தந்தன.

அன்று யாம் கற்றவை மூன்று. தாவலின் விதியை ஆட்டந் தொடங்குமுன் யாவரும் அறியச் சொல்லல் வேண்டும். ஆடுவோரைக் கட்டும் விதி, நடுவர் படைத்த காவலரையுங் கள்வரையுங் கட்டல் வேண்டும். பிழை தெரிந்தவிடத்துத் தீர்ப்பை மாற்ற நடுவர் கூசலாகாது. ஆடுவோர் விதியை நம்பியே துணிகின்றனர். அந்நம்பிக்கை கெடின் அவர்தம் துணிவும் சூழ்ச்சியும் வீணாம். ஒளியினும் விரைந்த செலவு கற்பனையே. ஆயினும், அக்கற்பனைக்கு இட்ட வரம்பை மெய்யாகக் காத்தல் நடுவர் கடனாகும்.