டீக்கடை பெஞ்சும் கைபேசித் திரையும்

1942இல் மதுரையிலிருந்து 'தந்தி' வெளிவந்தபோது தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே குறைவு. நாளேடு என்பது படித்தவர் வீட்டுப் பொருள். அதன் நடையும் அவர்களுக்கு ஏற்றதாகவே இருந்தது: நீண்ட வாக்கியங்கள், வடசொற்கள் மிகுந்த தமிழ். 'தந்தி'யைத் தொடங்கிய, லண்டனில் சட்டம் படித்துத் திரும்பியிருந்த சி.பா.ஆதித்தனாரோ எழுத்துக் கூட்டிப் படிப்பவரை மனத்தில் வைத்துப் பத்திரிகை நடத்தினார். வாக்கியம் சிறியதாக இருக்க வேண்டும், மக்கள் பேசும் சொல்லைக் கொச்சை நீக்கி எழுத வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. செய்தி எழுத வருபவர்களுக்காக அவர் எழுதிய நூல்தான் 'இதழாளர் கையேடு'.

அந்த நடை ஒரு பழக்கத்தையே உண்டாக்கியது. காலையில் டீக்கடை பெஞ்சில் ஒருவர் உரக்க வாசிப்பார், சுற்றியிருப்பவர்கள் கேட்பார்கள். கேட்டவர்களில் சிலர் நாளடைவில் தாமே வாசிக்கத் தொடங்கினார்கள். பின்னர் 'தினத்தந்தி' ஆன அந்த நாளேட்டில் 1960இல் 'கன்னித்தீவு' படக்கதை தொடங்கியது. நாளுக்குச் சில கட்டங்கள்தான். படிக்க ஒரு நிமிடம் போதும். கதைநாயகன் சிந்துபாத்துக்கு இன்று என்ன ஆயிற்று என்று பார்க்க வந்த பிள்ளைகளின் கண் பக்கத்திலிருந்த செய்திக்கும் போனது. கொஞ்சமாக, தவறாமல், தினமும் கிடைத்ததால் வாசிப்பு வேரூன்றியது.

இன்று எழுத்தறிவு பெருகியிருக்கிறது. நாளெல்லாம் கைபேசியில் எதையோ படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். சிற்றூரில் இருப்பவர் காலையில் எழுதியதைக் கடல் கடந்த தமிழர் காலைக் காபிக்குள் படித்துப் பதிலும் போடுகிறார். இது பெரிய பேறு.

மாறிப்போனது தலைப்பு. அன்று பேருந்து கவிழ்ந்தால் எங்கே, எத்தனை பேர் என்பது தலைப்பிலேயே தெரியும். இன்றோ 'அடுத்து நடந்தது என்ன?' என்று விஷயத்தை ஒளித்து வைக்கிறார்கள். திறந்து, நான்கு பத்தி கடந்தால் ஒரு வரிச் செய்தி. அன்றும் பரபரப்பு உண்டு. பெட்டிக்கடையில் தொங்கிய போஸ்டரும் வாங்க வைக்கத்தான் எழுதப்பட்டது. ஆனால் காசு கொடுத்தவருக்கு விஷயம் கிடைத்தது. ஒளித்து வைப்பவர் ஒருமுறை வாசகரை இழுத்துவிடலாம்; இரண்டு மூன்று முறை ஏமாந்தவர் அந்தப் பெயரைக் கண்டாலே விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்.

எழுத வருபவர்கள் டீக்கடைக் காலத்திலிருந்து சில பழக்கங்களை எடுத்துக்கொள்ளலாம். நாள்தோறும் ஒரு பத்தி எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்குச் சொல்வதுபோல, முக்கியமானதை முதல் வரியிலேயே வையுங்கள். எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். கால் மணி நேர வேலைதான். சொன்னதைத் தருகிறவர், தினமும் தருகிறவர் என்று நம்பிவிட்டால், வாசகர் நாளையும் தாமாகவே தேடி வருவார்.