உங்களுக்குத் தெரியுமா? மாறுகண்ணின் கிரேக்கப் பெயர்

கருவிழி மூக்குப் பக்கம் திரும்பியிருக்கும் மாறுகண்ணை மருத்துவர்கள் ‘ஈசோட்ரோபியா’ என்பார்கள். கிரேக்க மொழியில் ‘ஈசோ’ என்றால் உள்ளே, ‘ட்ரோபே’ என்றால் திரும்புதல். கண் வெளிப்பக்கம் விலகினால் ‘எக்ஸோட்ரோபியா’.

மாறுகண்ணின் பொதுப்பெயரான ‘ஸ்ட்ராபிஸ்மஸ்’ஸும் கிரேக்கம்தான். மாறுகண் உள்ளவரை ரோமானியர் ‘ஸ்ட்ராபோ’ என்று பட்டப்பெயரிட்டு அழைத்தார்கள். தளபதி பாம்பேயின் தந்தைக்கும் அந்தப் பெயர் உண்டு. புவியியல் நூல் எழுதிய புகழ்பெற்ற ஸ்ட்ராபோவின் பெயரும் இதுவே. 

நம் ஊரில் மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். இது குழந்தைக்குச் செய்யும் பெரிய தீங்கு. இரண்டு கண்ணும் வெவ்வேறு திசையில் பார்த்தால் மூளை ஒரு கண்ணின் காட்சியை ஒதுக்கத் தொடங்கும். நாளடைவில் அந்தக் கண் ‘சோம்பேறிக் கண்’ ஆகிவிடும். தூரப்பார்வைக் குறையால் 2, 3 வயதில் வரும் மாறுகண், பல குழந்தைகளுக்குச் சரியான கண்ணாடி போட்டாலே நேராகிவிடுகிறது. தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையும் உண்டு. 1839இலேயே பெர்லினில் டீஃபன்பாக் என்ற மருத்துவர் கண் தசையை வெட்டி மாறுகண்ணைச் சரிசெய்தார்.

மூக்குத்தண்டு அகலமாக உள்ள கைக்குழந்தைக்கு மாறுகண் இல்லாவிட்டாலும் இருப்பதுபோலத் தோன்றலாம். முகத்துக்கு நேரே எடுத்த ஃபிளாஷ் போட்டோவில் ஒளிப்புள்ளி இரண்டு கண்மணியிலும் ஒரே இடத்தில் விழுந்திருந்தால் பெரும்பாலும் அது வெறும் தோற்றம்தான். ஆனாலும் 4 மாதம் கடந்த பிறகும் கண் உள்ளே போனால் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.