ஒரு மூட்டை நெல்லின் அடக்க விலை என்ன?

புதுச்சேரியிலிருந்து மயிலம் செல்லும் சாலையில் உள்ள சேதராப்பட்டில் தொழிற்பேட்டையும் உண்டு, வயல்வெளியும் உண்டு. தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறை வைத்திருப்பவர் கூட, மூலப்பொருளுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, மின்சாரத்திற்கு எவ்வளவு என்று கணக்கிட்டு, அடக்க விலை தெரிந்த பிறகே தம் பொருளுக்கு விலை சொல்வார். இந்தக் கணக்கைக் கணிப்பொறியில் 'எக்ஸெல்' போன்ற விரிதாளில் போடுவது இன்று சிறு தொழில்களில் சாதாரணமாகிவிட்டது.

வயலில் நிலைமை வேறு. வியாபாரி கேட்கும் விலை கட்டுமா, கட்டாதா என்பதைக் களத்து மேட்டில் நின்றபடியே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஆனால் தம் நிலத்தில் ஒரு மூட்டை நெல் விளைய என்ன செலவாயிற்று என்பது பல விவசாயிகளுக்குத் திட்டமாகத் தெரிவதில்லை. உரக்கடைப் பாக்கியும் டிராக்டர் வாடகையும் நினைவில் நிற்கின்றன. வீட்டார் பட்ட பாடு கணக்கில் வருவதே இல்லை. சாகுபடியும் ஒரு தொழில்தான். சிறு தொழிலுக்கு உதவும் விரிதாள் சிறு விவசாயிக்கும் உதவும்.

விரிதாள் என்பது என்ன?

கட்டம் போட்ட கணக்கு நோட்டைக் கணிப்பொறியில் விரித்து வைத்தால் அதுவே விரிதாள். நோட்டில் ஒரு தொகையைத் திருத்தினால் கூட்டலையும் வகுத்தலையும் நாமே மீண்டும் போட வேண்டும். விரிதாளில் ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா எண்களும் தாமே மாறிவிடும். அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்த டான் பிரிக்ளின் என்பவர், பாப் ஃபிராங்ஸ்டனுடன் சேர்ந்து 1979ஆம் ஆண்டு 'விசிகால்க்' என்ற பெயரில் இதனை வெளியிட்டார். 'எக்ஸெல்' 1985ல் வந்தது. இன்று 'கூகுள் ஷீட்ஸ்', 'லிப்ரே ஆஃபீஸ் கால்க்' ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. முன்னதைக் கைபேசியிலேயே பயன்படுத்தலாம். தலைப்புகளைத் தமிழிலேயே எழுதலாம்.

வெளிச் செய்தியும் சொந்தக் கணக்கும்

கணிப்பொறி புதுச்சேரிக் கிராமங்களுக்குப் புதிதன்று. 1998ஆம் ஆண்டிலேயே எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. விலை நிலவரம், அரசுத் திட்டங்கள், வானிலை முதலிய செய்திகள் தமிழில் மக்களுக்குக் கிடைத்தன. வீராம்பட்டினத்தில் கடலில் அலையின் உயரம் ஒலிபெருக்கி மூலம் மீனவர்களுக்கு அறிவிக்கப்பட்டது.

இவையெல்லாம் வெளியிலிருந்து வரும் செய்திகள். தம் வயலில் என்ன செலவாயிற்று என்னும் செய்தியை வேறு எவரும் தர முடியாது. அதை விவசாயியே எழுதி வைக்க வேண்டும்.

அரசு அறிவிக்கும் ஆதரவு விலையும் இதற்கு ஈடாகாது. 2025-26 காரீப் பருவத்திற்குச் சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் என ஆதரவு விலை அறிவிக்கப்பட்டது. கைச்செலவையும் குடும்ப உழைப்பின் மதிப்பையும் கூட்டி, அதைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு தருவது என்ற அடிப்படையில் இவ்விலை வகுக்கப்படுகிறது. ஆனால் அதற்கு எடுத்துக்கொள்ளும் செலவு நாடு முழுவதற்குமான சராசரி. ஒரு தனி வயலின் செலவு அதைவிடக் கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம்.

மூன்று படிக் கணக்கு

சாகுபடிச் செலவை மூன்று படியாகப் பிரிக்க வேண்டும். முதலாவது, கையிலிருந்து பணமாகக் கொடுத்தது. இரண்டாவது, வீட்டார் உழைப்பின் மதிப்பு. மூன்றாவது, சொந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால் கிடைத்திருக்கும் தொகையும், போட்ட முதலுக்கு வட்டியும். ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தொகைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டுமே கொடுக்கப்பட்டுள்ளன. அவரவர் செலவை அவரவர் போட்டுக்கொள்ள வேண்டும்.

உழவு, சேறடிப்பு – ரூ. 4,500
விதை, நாற்றங்கால் – ரூ. 1,500
நடவுக் கூலி – ரூ. 5,000
உரம் – ரூ. 4,000
களையெடுப்பு – ரூ. 3,000
பூச்சி மருந்து – ரூ. 1,500
அறுவடை இயந்திரம் – ரூ. 3,500
சாக்கு, ஏற்றுகூலி, வண்டி வாடகை – ரூ. 2,000
கைச்செலவு மொத்தம் – ரூ. 25,000
வீட்டார் உழைப்பு, 25 ஆள், நாளுக்கு ரூ. 400 வீதம் – ரூ. 10,000
நிலக் குத்தகை, முதலுக்கு வட்டி – ரூ. 10,000
ஆக மொத்தம் – ரூ. 45,000

மகசூல் 75 கிலோ மூட்டையில் 30 மூட்டை, அதாவது 22.5 குவிண்டால் என்று கொள்வோம். கைச்செலவை மட்டும் வகுத்தால் மூட்டைக்கு 833 ரூபாய் ஆகிறது. வீட்டார் உழைப்பைச் சேர்த்தால் 1,167 ரூபாய். எல்லாவற்றையும் சேர்த்தால் அடக்க விலை 1,500 ரூபாய். வியாபாரி மூட்டைக்கு 1,500 ரூபாய் கொடுத்தால் கைச்செலவு போக 20,000 ரூபாய் மீதம் என்று தோன்றும். உண்மையில் அது உழைப்புக்குக் கூலியும், நிலத்துக்குக் குத்தகையும், முதலுக்கு வட்டியுமே. லாபம் என்று ஒரு ரூபாயும் இல்லை.

இனி மகசூல் என்ற கட்டத்தில் 30 என்பதை அழித்து 24 என்று போட்டால், அடக்க விலை அந்தக் கணமே மூட்டைக்கு 1,875 ரூபாயாக, அதாவது குவிண்டாலுக்கு 2,500 ரூபாயாக உயர்ந்துவிடும். மேலே சொன்ன ஆதரவு விலை கூட இதற்கு எட்டாது. 1,500 ரூபாய்க்கே விற்றால் கிடைப்பது 36,000 ரூபாய். கைச்செலவும் வீட்டார் கூலியும் போக மிஞ்சுவது 1,000 ரூபாய்தான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வெளியே கூலிக்குப் போயிருந்தால் இதைவிட அதிகம் கிடைத்திருக்கும். இந்த உண்மை அறுவடைக்குப் பிறகு தெரிவதைவிட, பயிர் வயலில் நிற்கும்போதே தெரிவது நலம். அடுத்த உரத்துக்கும் மருந்துக்கும் கடன் வாங்குவதா, வேண்டாமா என்பதை அப்போதுதான் யோசித்து முடிவு செய்ய இயலும்.

தாளை அமைக்கும் முறை

ஏழு பத்திகள் போதும். தேதி, வயல், பயிர், செலவின் வகை, அளவு, தொகை, கூலியாளா வீட்டாரா என்பவை அவை. செலவு செய்த அன்றே ஒரு வரி எழுத வேண்டும். வீட்டில் பெண்கள் களையெடுத்த நாளையும், விடியற்காலையில் தண்ணீர் கட்டிய நேரத்தையும் விடாமல் எழுத வேண்டும்.

தொகைப் பத்தியில் எண் மட்டுமே இருக்க வேண்டும். '500 ரூபாய்' என்று எழுத்தோடு சேர்த்து எழுதினால் கணிப்பொறி அதை எண்ணாகக் கொள்ளாமல் கூட்டலில் விட்டுவிடக் கூடும். மொத்தம் காண 'சம்' என்னும் கூட்டல் சூத்திரமும், ஒரு பயிருக்கோ ஒரு வகைச் செலவுக்கோ தனித் தொகை காண 'சம்-இஃப்' என்னும் சூத்திரமும் போதுமானவை.

நில அளவில் எச்சரிக்கை தேவை. புதுச்சேரியில் ஆவணங்களில் ஹெக்டேர், ஆர் என்றும், பேச்சில் காணி, குழி என்றும் வழங்குகிறது. 576 சதுர அடி கொண்ட குழி 100 சேர்ந்தது ஒரு காணி. இது சுமார் 1.32 ஏக்கர் அல்லது 53.5 ஆர். ஒரு வயலை ஏக்கரிலும் மற்றொன்றைக் காணியிலும் எழுதினால் ஒப்பீடு தவறாகிவிடும். ஆகவே எல்லா நிலத்தையும் ஒரே அளவில் எழுத வேண்டும்.

பயிர்களை ஒப்பிடும்போது காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். நெல் சுமார் நான்கு மாதப் பயிர். கரும்புக்கு ஏறக்குறைய ஓராண்டு. சவுக்குக்குச் சில ஆண்டுகள். மொத்த வருமானத்தைப் பார்த்து மயங்காமல், ஏக்கருக்கு ஒரு மாதத்திற்கு என்ன மிஞ்சுகிறது என்று வகுத்துப் பார்த்தால்தான் உண்மை நிலை விளங்கும்.

உதவி பெறுவோர் கவனிக்க

விரிதாளை அமைக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. தொழிற்பேட்டையிலோ கடையிலோ கணக்கெழுதும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவர்களே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அமைத்துத் தரலாம். வெளியாரிடம் பணம் கொடுத்துச் செய்விப்பவர்கள் கீழ்க்கண்டவற்றைக் கேட்டுப் பெற வேண்டும்.

1. கோப்பு விவசாயியின் சொந்தக் கணக்கிலும் கைபேசியிலும் இருக்க வேண்டும். கடவுச்சொல் அவர் கையில் இருக்க வேண்டும்.
2. எந்தக் கட்டத்தில் எண்ணை மாற்றலாம், எதில் சூத்திரம் உள்ளது என்பதை நிறத்தால் பிரித்துக் காட்ட வேண்டும்.
3. ஒப்படைக்கும் முன் பத்து வரிகளை எழுதி, நோட்டில் போட்ட கூட்டலோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.
4. மாதம் ஒரு முறை ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும்.

மூன்றாவது விதியை அலட்சியம் செய்யக் கூடாது. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்னும் புகழ்பெற்ற பொருளாதார அறிஞர்கள் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட, நாடுகளின் கடன் பற்றிய ஆய்வில், விரிதாளின் சூத்திரம் சில வரிகளைச் சேர்க்காமல் விட்டதால் ஐந்து நாடுகளின் புள்ளிவிவரம் சராசரியில் விடுபட்டுப் போயிற்று. 2013ல்தான் அது வெளிப்பட்டது. புதிய வரிகளைக் கடைசியில் சேர்க்கும்போது கூட்டல் சூத்திரம் அதுவரை எட்டுகிறதா என்று பார்ப்பது அவசியம்.

இந்தப் பருவத்தின் முதல் உழவிலிருந்தே தொடங்குவது நல்லது. ஒரே ஒரு வயலுக்கு, ஒரே ஒரு பயிருக்கு எழுதினாலும் போதும். கைபேசி இல்லாதவர்கள் இதே ஏழு பத்திகளை நோட்டில் எழுதி வந்து, பருவ முடிவில் தாளில் ஏற்றிக்கொள்ளலாம். செலவின் வகைகளைப் பிரிப்பதிலும் பயிர்த் திட்டத்திலும் ஐயம் உள்ளவர்கள் குரும்பாப்பட்டில் உள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தை, எழுதிய கணக்கோடு அணுகி ஆலோசனை பெறலாம்.