பழைய ஜீப்பில் 'லொட லொட' ஸ்டீயரிங்: பாக்ஸை முடுக்கினால் போதுமா?

கோவை:

கோவையில் பழைய வண்டிக்கு பாகம் தேடுபவர்களின் கால் முதலில் போகும் இடம் உக்கடம். பழைய இரும்பு கடைகள், பழைய ஸ்பேர் கடைகள், பக்கத்திலேயே லேத் பட்டறைகள் என்று எல்லாம் ஒரே சுற்றில் முடிந்து விடும். வால்பாறை, ஆனைகட்டி பக்கம் ஓடும் பழைய ஜீப்காரர்களும் இங்கே வருவதுண்டு.

பட்டறையில் அவர்கள் வழக்கமாக சொல்வது இதுதான். "அண்ணா, ஸ்டீயரிங் லொட லொடன்னு ஆடுதுங்க. பாக்ஸை ஒரு டைட் வெச்சு விட்ருங்க."

இந்த 'ஒரு டைட்'டில்தான் வில்லங்கமே ஆரம்பிக்கிறது.

மகிந்திரா நிறுவனம் 1947-ம் ஆண்டு அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்ட ஆரம்பித்தது. அதே வடிவத்தில் வந்த பழைய ஜீப்புகளில் பவர் ஸ்டீயரிங் எல்லாம் கிடையாது. டிரைவர் கையில் கொடுக்கும் திருப்பம் ஸ்டீயரிங் பாக்ஸ், அதன் அடியில் தொங்கும் டிராப் ஆர்ம், டிராக் லிங்க், டை ராடு, பால் ஜாயிண்ட், கிங் பின் என்று கை மாறி கை மாறித்தான் சக்கரத்துக்கு போய் சேருகிறது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு நூல் தேய்மானம் இருந்தாலே போதும். எல்லாம் சேர்ந்து ஸ்டீயரிங்கில் ஒரு சாண் ஆட்டமாக வந்து நிற்கும். பழி மட்டும் பாக்ஸ் மேல்.

சட்டம் என்ன சொல்கிறது?

1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-வது விதி ஸ்டீயரிங் பற்றியது. ஸ்டீயரிங்கில் வெற்று ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் இருக்கக்கூடாது. பால் ஜாயிண்ட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும். போல்ட்டும் பின்னும் கழன்று வராதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்று அந்த விதி சொல்கிறது.

30 டிகிரி என்றால் கடிகாரத்தில் 12-ல் இருந்து 1 வரை உள்ள தூரம். 40 சென்டி மீட்டர் அகல ஸ்டீயரிங்கில் விளிம்பை அளந்தால் 10 சென்டி மீட்டருக்கு கொஞ்சம் அதிகம் வரும். உண்மையை சொன்னால் இது ரொம்ப தாராளம். ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஆள் ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் 10 சென்டி மீட்டர் ஆட்டத்தை வைத்துக்கொண்டு 'சட்டப்படி சரிதானே' என்று பேச முடியாது.

ரெண்டு பேர் போதும்

ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேண்டாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு கட்டை கொடுக்க வேண்டும். நாலு சக்கரமும் தரையிலேயே இருக்கட்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்ட வேண்டும். இன்னொருவர் முன்பக்கம் அடியில் படுத்து, டார்ச் அடித்து, பாக்சில் இருந்து சக்கரம் வரை ஒவ்வொரு இணைப்பாக விரல் வைத்து பார்க்க வேண்டும். எந்த இணைப்பில் இந்தப்பக்கம் அசைந்து அந்தப்பக்கம் சும்மா இருக்கிறதோ, அங்கேதான் ஆட்டம்.

முதலில் பார்க்க வேண்டியது பாக்ஸை சேசிசில் பிடித்திருக்கும் போல்ட்டுகள். அவை லூசாக இருந்தால் பாக்ஸே மொத்தமாக நகரும். செலவில்லாத வேலை, ஆனால் பலர் பார்ப்பதே இல்லை. அடுத்து டிராப் ஆர்ம் நட்டு.

பழைய வில்லிஸ் வடிவ ஜீப்புகளில் இன்னொரு இடம் உண்டு. முன்பக்க குறுக்கு சட்டத்தில் ஒரு பின் மேல் சுழலும் பெல் கிராங்க். டிராக் லிங்க் இதைத்தான் தள்ளும். இதில் இருந்து ரெண்டு பக்கமும் டை ராடு போகும். இந்த பின்னும் அதன் பேரிங்கும் தேய்ந்தால் ரெண்டு சக்கரமும் சேர்ந்தே தள்ளாடும். பின்னாளில் வந்த பல மாடல்களில் இது கிடையாது. அதனால் புது வண்டியிலேயே பழகிய பசங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போய் விடுகிறது. பின்னை லேத்தில் கடைந்து வாங்கலாம். ஆனால் சாதாரண மைல்டு ஸ்டீலில் கடைந்தால் சீக்கிரமே தேய்ந்து மறுபடியும் ஆடும். கடினமாக்கிய பின்தான் நிற்கும்.

சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள்

அடுத்தது ஜாக்கி. முன் சக்கரத்தை தூக்கி, சேசிசுக்கு ஸ்டாண்டு கொடுத்து விட்டு, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்க சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். மிதித்த பிறகும் ஆடினால் கிங் பின். டயரின் ரெண்டு பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராடு பக்கம் சந்தேகப்படலாம்.

பால் ஜாயிண்ட்டின் ரப்பர் மூடி கிழிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கிழிந்த மூடி வழியாக சேறும் தண்ணீரும் உள்ளே போய் கிரீஸ் வெளியே வந்து விடும். அப்புறம் தேய்மானம் நாள் கணக்குதான்.

கடைசியில்தான் பாக்ஸ்

மேலே சொன்ன எல்லாம் கெட்டியாக இருந்தும் ஸ்டீயரிங் ஆடினால்தான் பாக்ஸ் மேல் கை வைக்க வேண்டும். பாக்சின் பக்கவாட்டு மூடியில் லாக் நட்டோடு ஒரு ஸ்குரூ இருக்கும். அதை முடுக்கினால் ஆட்டம் குறையும். ஆனால் முடுக்கும்போது ஸ்டீயரிங் சரியாக நடுவில் இருக்க வேண்டும். இந்த கோக்கோடி முதல் அந்த கோடி வரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதி திருப்பினால் நடு வந்து விடும். டிராக் லிங்க்கை கழற்றி விட்டு செய்தால் கைக்கு இன்னும் நன்றாக தெரியும்.

பாக்சின் உள்பாகம் நடுவில்தான் இறுக்கமாக இருக்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. ஓரத்தில் வைத்து முடுக்கினால் நடுவுக்கு வரும்போது பிடித்துக்கொள்ளும். அளவுக்கு மேல் முடுக்கினாலும் இதே கதிதான். வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக திரும்பி வராது. ஆடுகிற ஸ்டீயரிங்கை விட பிடித்துக்கொள்கிற ஸ்டீயரிங் மோசம். கொண்டை ஊசி வளைவில் ஒரு நொடி தாமதம் போதும். பாக்சில் ஆயில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்து விட வேண்டும்.

பழசு எது, புதுசு எது?

உக்கடத்தில் பழைய பாகம் வாங்குவது தப்பில்லை. பாக்ஸ் கூடு, பிராக்கெட் போன்றவை விரிசல் இல்லாமல் இருந்தால் பழசே போதும். பால் ஜாயிண்ட், பேரிங், காட்டர் பின் மூன்றும் புதுசாகத்தான் இருக்க வேண்டும். டிராப் ஆர்மிலோ டை ராடிலோ வெல்டிங் தடம் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். வெல்டிங் சூடு பட்ட இடத்துக்கு பக்கத்திலேயே விரிசல் விட்டு, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் முறிந்து விடும்.

காட்டர் பின் விலை சில ரூபாய்தான். அதற்கு பதில் ஆணியையும் கட்டுக்கம்பியையும் செருகி ஓட்டும் வண்டிகள் இருக்கின்றன. நட்டு கழன்றால் டை ராடு தொங்கி விடும். ஸ்டீயரிங் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம். இன்னொரு விஷயம், நட்டின் வெட்டும் பின் ஓட்டையும் நேராக வராவிட்டால் நட்டை தளர்த்தி நேராக்கக்கூடாது. இன்னும் கொஞ்சம் முடுக்கித்தான் நேராக்க வேண்டும்.

பால் ஜாயிண்ட் மாற்றினால் அலைன்மெண்ட் மாறி விடும். பழசை கழற்றும்போது எத்தனை சுற்று வந்தது என்று எண்ணி வைத்தால் பட்டறைக்கு போகும் வரை வண்டி ஓடும். முன் சக்கரங்களின் இடைவெளி பின்பக்கத்தை விட முன்பக்கம் ஓரிரு மில்லி மீட்டர் குறைவாக இருக்க வேண்டும்.

2024-ம் ஆண்டு திறந்த உக்கடம்-ஆத்துப்பாலம் மேம்பாலத்தில் 50, 60-ல் போகும்போது சில ஜீப்புகளில் ஸ்டீயரிங் திடீரென்று கையை உதறும். கீழே நெரிசலில் ஊர்ந்தபோது தெரியாத கோளாறு வேகத்தில் தெரிகிறது. கிங் பின், கமான் பட்டை புஷ், டயர் பேலன்ஸ் மூன்றையும் அப்போது சேர்த்து பார்க்க வேண்டும். கம்பீரத்துக்காக மாட்டும் பெரிய டயர்களும் இதை அதிகமாக்கும். உதறினால் பிரேக்கை ஒரேயடியாக மிதிக்காமல், ஸ்டீயரிங்கை கெட்டியாக பிடித்து, ஆக்சிலேட்டரை விட்டு வேகத்தை குறைக்க வேண்டும்.

வேலை முடிந்து முதல் மலைப்பயணம் போய் வந்ததும் யூ போல்ட், பாக்ஸ் போல்ட் ரெண்டையும் மறுபடி ஒரு தடவை ஸ்பேனர் போட்டு பாருங்கள். புதிதாக முடுக்கிய போல்ட்டு முதல் ஓட்டத்தில் கொஞ்சம் இடம் கொடுக்கும்.