உங்களுக்குத் தெரியுமா? பச்சோந்திக்குக் கிண்ணம் பழக்கமில்லை!

தலையில் கொண்டை வைத்த ஏமன் நாட்டுப் பச்சோந்தியைப் பல நாடுகளில் செல்லமாக வளர்க்கிறார்கள். கிண்ணம் நிறையத் தண்ணீர் இருந்தும் அது தாகத்தில் வாடுவதுண்டு. தேங்கிய நீரை அது பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. இலையில் உருளும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும்.

கண் குழிவிழுந்து, எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி ஆரஞ்சு நிறமானால் உடலில் நீர் வற்றியிருக்கிறது. வெதுவெதுப்பான நீரை இலைகள்மேல் பூந்தூறலாகத் தெளியுங்கள். முதலில் கண்களைச் சுழற்றிக் கழுவிக்கொள்ளும், பிறகுதான் குடிக்கத் தொடங்கும், அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். வாயைப் பிளந்து சிரிஞ்சால் ஊற்றவே கூடாது, நீர் நுரையீரலுக்குள் போய்விடலாம். பகலிலும் கண்மூடிக் கிடந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தேவைப்பட்டால் தோலுக்கடியில் ஊசிவழியே திரவம் ஏற்றுவார்.