காரைத் தாழ்த்தும் முன்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து கார் எடுக்கப் போனபோது மூன்று இளைஞர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "அங்கிள், காரை எவ்வளவு இறக்கலாம்?" என்பதுதான் கேள்வி. இங்கே புனேயில் ஷாக் அப்சார்பர் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் சோதனைப் பிரிவில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். நின்ற நிலையில் சொல்லி முடிகிற விஷயமில்லை. ஆகவே ஆசிரியரிடம் இரண்டு பக்கம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

என் அக்கா மகன் ஹிஞ்சவடியில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். 2022-இல் ஒரு பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ வாங்கினான். இரண்டு பேர் உட்காரும் அசல் ஸ்போர்ட்ஸ் கார் அல்ல, ஆனால் 1.2 லிட்டர் டர்போ எஞ்சின் ஓட்டுகிறவனை அப்படி நினைக்க வைக்கும். 2010-இல் போலோ கோப்பைப் பந்தயம் தொடங்கிய சமயத்தில் அவன் கோவையில் படித்துக்கொண்டிருந்தான். காரி பந்தயத் தளத்தில் தரையோடு ஒட்டி ஓடிய கார்கள் அவன் கண்ணிலேயே நின்றுவிட்டன.

காயில்ஓவர் செட் விலை அதிகம் என்று தயங்கியவனிடம், ஒரு ஒர்க்ஷாப்பில் "ஸ்பிரிங்கை அறுத்துவிடலாம், ஒரு மணி நேர வேலை" என்றிருக்கிறார்கள். நான்கு ஸ்பிரிங்குகளிலும் ஒன்றரைச் சுற்று அறுத்தாயிற்று. கார் பார்க்க அழகாகத்தான் இருந்தது. 2023 பொங்கல் விழாவுக்கு ஆச்சியை, அதாவது என் அம்மாவை, பின் சீட்டில் உட்கார வைத்து அழைத்து வந்தான். குடியிருப்பு வாசலில் ஒரு வேகத்தடை. "டமால்னு ஒரு சத்தம் மாமா, அவ்வளவுதான்" என்றான் பிறகு. எண்பது வயதைத் தாண்டிய எலும்பு. முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கி, இரண்டு மாதம் படுக்கை.

நடந்தது என்ன? ஸ்பிரிங்கின் வேலை எடையைத் தாங்குவது. மேடு பள்ளத்தில் அமுங்கிய ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பர். உள்ளே பிஸ்டன் சிறு துளைகள் வழியே ஆயிலைத் தள்ளும்போது துள்ளலின் சக்தி வெப்பமாகிக் கரைகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தியே தயாராகின்றன. ஆறு சுற்றுள்ள ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை அறுத்தால் அதன் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். பழைய ஷாக் அப்சார்பரால் அதை அடக்க முடியாது. அதைவிடக் கேடு, சக்கரம் மேலே எழும்ப இடம் இல்லாமல் போவது. சாலைக் காங்கிரசின் விதிப்படி அமைந்த வேகத்தடையே 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரம். குடியிருப்புகளில் சிமெண்டைக் குவித்துப் போடுவதற்கோ அளவே கிடையாது. இடம் தீர்ந்ததும் சக்கரம் ரப்பர் கட்டையில் இடிக்கும். அந்த இடி நேரே முதுகுக்கு வரும்.

சரி, முறையாகச் செய்வது எப்படி? முதலில் ஒரு சிறு கணக்கு. இந்தக் காரின் முன்பக்க ஸ்பிரிங் ஒவ்வொன்றும் சுமார் 300 கிலோ தாங்குகிறது என்று வையுங்கள். கடைகளில் ஸ்பிரிங் விறைப்பை 'மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோ' என்று சொல்வார்கள். 2.5 கிலோ ஸ்பிரிங் என்றால் 300-ஐ 2.5-ஆல் வகுக்க, 120 மி.மீ. அமுங்கி நிற்கும். அதை மீட்டராக்கி (0.12) வர்க்கமூலம் கண்டு, அரையை அதனால் வகுத்தால் கார் நொடிக்கு எத்தனை முறை ஏறி இறங்கும் என்பது கிடைக்கும்: 1.4. நாம் நடக்கும்போது உடம்பு ஏறி இறங்குவதும் நொடிக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவுதான். ஆகவே ஒன்று முதல் ஒன்றரை வரை உடம்புக்கு உறுத்தாது. ஒன்றரையிலிருந்து இரண்டு வரை ஸ்போர்ட்ஸ் காரின் எல்லை. இரண்டுக்கு மேல் பந்தயத் தளம்.

மருமகன் ஆசைப்பட்ட காயில்ஓவரில் 6 கிலோ ஸ்பிரிங். கணக்குப் போட்டால் 2.2. "இது காரி தளத்துக்குச் சரி, கர்வே ரோடுக்கு ஆகாது" என்றேன். முகம் வாடிவிட்டது. 3.5 கிலோ என்றால் 1.7 வருகிறது. அதற்குச் சம்மதித்தான்.

வீட்டில் பெரியவர்களும் குழந்தைகளும் ஏறும் கார் என்றால் காயில்ஓவரே வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். கம்பெனி ஸ்பிரிங்கை அப்படியே விட்டுவிட்டு, பில்ஸ்டைன், கோனி போன்ற நல்ல ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றினாலே பாதிக் குறை தீரும். கொஞ்சம் தாழ்த்தியே ஆகவேண்டுமென்றால் 25 அல்லது 30 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங்கும், அதற்கேற்ற குட்டை ஷாக் அப்சார்பரும் சேர்த்து வாங்கவேண்டும். பில்ஸ்டைனில் பி6 கம்பெனி உயரத்துக்கு, பி8 தாழ்த்திய ஸ்பிரிங்குக்கு. மாற்றி வாங்கிவிட்டுத் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தாழ்த்தினால் கார் வளைவில் சாயாது என்று எல்லோரும் நம்புகிறார்கள். முழு உண்மை அல்ல. இந்தக் காரின் முன்பக்கம் மக்ஃபெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. அதில் லோயர் ஆர்ம் சக்கரப் பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும். அளவுக்கு மீறி இறக்கினால் அது எதிர்ப்புறமாக மேல்நோக்கித் திரும்பும். அப்போது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் இடையே தூரம் கூட, சாய்வும் கூடப் பார்க்கும்; ஸ்பிரிங் விறைப்பு மட்டுமே அதைத் தடுக்கும். நாங்கள் 15 மி.மீ. மட்டும் இறக்கினோம்.

பொருத்தும் நாளில் நான் கூடவே நின்றேன். கழற்றுமுன் நான்கு சக்கரங்களிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து குறித்துக்கொண்டேன். சமதரை, அரை டேங்க் பெட்ரோல், ஓட்டுபவர் எடைக்கு சீட்டில் இரண்டு அரிசி மூட்டை. மெக்கானிக் சிரித்தார், சிரிக்கட்டும். ரப்பர் புஷ் வரும் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது சக்கரம் தரையில் எடையோடு நிற்கும்போதுதான். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சில மாதத்தில் கிழியும். பெரும்பாலான இடங்களில் தவறுவது இங்கேதான்.

அடுத்து, ஷாக் அப்சார்பரின் தலையில் உள்ள திருகு. முழு இறுக்கத்திலிருந்து பின்னோக்கி 'கிளிக்'குகளை எண்ணிக் குறிக்கவேண்டும். நாங்கள் முழு மென்மையில் தொடங்கினோம். முள்ஷி போகும் சாலையில் ஒரே துண்டை ஒரே வேகத்தில் ஓட்டி, இரண்டிரண்டு கிளிக்காக இறுக்கினோம். மேடு தாண்டியபின் கார் மறுபடி ஆடாமல் அமரும் இடம் வந்ததும் நிறுத்தியாயிற்று. "இன்னும் ரெண்டு இறுக்கலாமே மாமா" என்றான். இறுக்கிப் பார்த்தோம். கரடான வளைவில் முன்சக்கரம் தத்தித் தத்தி வெளியே போனது. தரையைத் தொடாத டயருக்குப் பிடிப்பு ஏது? தானே பழைய இடத்துக்குத் திருப்பினான். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். டயர் காற்றையும் திருகையும் சேர்த்து மாற்றினால் எது செய்த வேலை என்று தெரியாது.

உயரம் மாறினால் சக்கரக் கோணமும் மாறும். அன்றே வீல் அலைன்மென்ட் பார்த்தோம். புது ஸ்பிரிங் ஓடி அமர்ந்த பிறகு, ஐந்நூறு கிலோமீட்டரில் இன்னொரு முறை பார்த்தபோது இடது முன்பக்கம் 4 மி.மீ. தாழ்ந்திருந்தது, வளையத்தைத் திருகிச் சரிசெய்தோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் முன்கூட்டி எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

அறுத்த ஸ்பிரிங் நான்கும் என் வீட்டு பால்கனியில் கிடக்கின்றன. ஆச்சி இப்போது அந்தக் காரில் ஏறுகிறாள், முன் சீட்டில் மட்டும். வேகத்தடை வந்தால் இன்னும் கைப்பிடியை இறுக்கிக்கொள்கிறாள்.